“அப்போ எதைத்தான் சாப்பிடுறது?” – சாப்பாட்டில் அறிவியலைப் பயன்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. ஆலோசனைக்கு வருபவர்கள் கேட்பதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பதினொரு மணிக்கு வந்து விழுவதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

நான் பிளஸ் டூவோட நிறுத்திட்டேன். அறிவியல்படி சாப்பிடணும்னா நிறைய படிச்சிருக்கணுமா?

தேவையில்லை. ஆராய்ச்சிக் கட்டுரை எதையும் நீங்கள் திறக்கவே வேண்டாம். யாராவது “இது உடம்புக்கு நல்லது” என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எதற்குப் பதிலாக? எவ்வளவு? யாருக்கு? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத ஆலோசனையை அப்படியே விட்டுவிடலாம்.

முதல் கேள்விதான் முக்கியம். வயிறு ஒன்றுதான், ஒன்று கூடினால் இன்னொன்று குறையும். காலையில் இரண்டு பூரிக்குப் பதிலாக ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டால் அது ஒரு கணக்கு. இரண்டு பூரியும் தின்றுவிட்டு, “சுண்டல் நல்லதாமே” என்று அதையும் சேர்த்துக்கொண்டால் அது வேறு கணக்கு. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒரு நாள் முட்டை நல்லதுங்கறாங்க, அடுத்த நாள் கெட்டதுங்கறாங்க. யாரைத்தான் நம்புறது?

முட்டை விஷயத்தில் கருத்து மாறியது உண்மை. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் சாப்பிடக் கூடாது என்று அமெரிக்க உணவு வழிகாட்டுதல் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. ஒரு முட்டையிலேயே 200 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். 2015-2020க்கான பதிப்பில் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு, சாப்பாட்டில் இருக்கும் கொலஸ்ட்ராலை விட நிறைவுற்ற கொழுப்புதான் ரத்தக் கொழுப்பை அதிகம் ஏற்றுகிறது என்பது படிப்படியாகத் தெளிவானது.

ஆனால் தினம் தினம் மாறுவது அறிவியல் இல்லை, செய்தி. 2013இல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சமையல் புத்தகத்தைத் திறந்து 50 பொருள்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் புற்றுநோயோடு தொடர்பு இருப்பதாக யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினார்கள். 40 பொருள்களுக்குக் கட்டுரை இருந்தது. ஒரே பொருள் புற்றுநோயைக் கூட்டும் என்றும் குறைக்கும் என்றும் தனித்தனி ஆய்வுகள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் விளைவு சுருங்கிப்போனது. தனி ஆய்வு என்பது ஒரு சாட்சி மட்டுமே. அது கிடைக்கிற அன்றைக்கே பத்திரிகை தீர்ப்பு எழுதிவிடுகிறது.

எங்க தாத்தா மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டாரு. தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரே?

இருந்திருப்பார். அவர் தினமும் ஏர் பிடித்தாரா, எத்தனை மைல் நடந்தார், இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ள வீட்டில் வசதி இருந்ததா என்பதும் சேர்ந்ததுதான் அந்தத் தொண்ணூறு. அவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அறுபதைத் தாண்டினார்கள் என்றும் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சுதந்திரம் வாங்கிய காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் முப்பதுகளில்தான் இருந்தது. குழந்தைச் சாவுகளும் கொள்ளை நோய்களும் அதற்குப் பெரிய காரணம் என்றாலும், நாம் கதையாகச் சொல்வது பிழைத்து நின்றவர்களைப் பற்றி மட்டும்தான்.

சோற்றைத் திட்ட நான் வரவில்லை. எவ்வளவு என்பதுதான் பேச்சு. 21 நாடுகளில் 1,30,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. தெற்காசியாவில், நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெந்த வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குள் சாப்பிட்டவர்களை விடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் அதிகமாக இருந்தது. 450 கிராம் என்பது மூன்று கப். மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று போட்டுக்கொள்பவர் அந்த ஒரு வேளையிலேயே அங்கே போய் நிற்பார்.

“ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது”ன்னு டப்பாவுலயே போட்டிருக்கே, அப்புறம் என்ன சந்தேகம்?

என்ன மாதிரி ஆராய்ச்சி என்பதுதான் சந்தேகம். எலிக்குக் கொடுத்துப் பார்த்ததும் ஆராய்ச்சிதான். ஆயிரம் பேரிடம் “போன மாதம் என்ன சாப்பிட்டீர்கள்” என்று கேட்டு எழுதியதும் ஆராய்ச்சிதான். குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பொருளைக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் பார்ப்பதும் ஆராய்ச்சிதான். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது.

பீட்டா கரோட்டின் கதையைக் கேளுங்கள். கேரட்டுக்கு நிறம் தரும் சத்து இது, கீரையிலும் இருக்கிறது. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கும், ரத்தத்தில் இந்தச் சத்து அதிகம் உள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. அப்படியென்றால் இதை மாத்திரையாகக் கொடுத்தால் புகை பிடிப்பவர்களைக் காப்பாற்றிவிடலாமே என்று பின்லாந்தில் 29,133 ஆண்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் சோதித்தார்கள். எல்லோரும் புகை பிடிப்பவர்கள். 1994இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதே மாதிரி நடந்துகொண்டிருந்த இன்னொரு சோதனையைப் பாதியிலேயே, 1996இல் நிறுத்தினார்கள்.

முந்தைய ஆய்வுகள் பொய் சொல்லவில்லை. காய்கறி அதிகம் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகக் குறைவாகப் புகைப்பார்கள், கொஞ்சம் வசதியானவர்கள், உடம்பைக் கவனிப்பவர்கள். காய்கறிக்குள்ளும் பீட்டா கரோட்டினோடு நூறு பொருள் இருக்கிறது. இதில் எது வேலை செய்தது என்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதால் பிரித்தறிய முடியவில்லை. டப்பாக்காரர்கள் பெரும்பாலும் இப்படிச் சும்மா பார்த்து எழுதிய ஆய்வைத்தான் காட்டுவார்கள்.

சோத்தை விட்டுட்டு சிறுதானியத்துக்கு மாறிட்டேன். சுகர் குறையவே இல்லையே?

என்னிடம் வருகிறவர்களில் பலர் முகம் வாடிக் கேட்பது இதைத்தான். 2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து இன்னும் அதிகம். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் விடை தெரிந்துவிடும். நைஸாக அரைத்த மாவில் கஞ்சி, பெரிய டம்ளரில்; கூடவே வெல்லம். இல்லையென்றால் கைக்கு அடங்காத இரண்டு களி உருண்டை. 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம் அளவுக்கு இருக்கும். கேழ்வரகிலும் சாமையிலும் 65ஐ ஒட்டி. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சும்போது செரிமானத்தின் பாதி வேலையை நாமே முடித்துக் கொடுத்துவிடுகிறோம். சர்க்கரை வேகமாக ஏறும்.

முழுதாக வேகவைத்த சாமை அல்லது வரகுச் சோறு ஒரு கப், அதைவிட அதிகமாகக் காய், ஒரு கிண்ணம் பருப்பு அல்லது மீன் என்று தட்டு மாறினால் பலன் தெரியும். அந்தத் தட்டில் சிறுதானியத்துக்குப் பதில் அரிசியே இருந்தாலும் ஓரளவு பலன் தெரியும் என்பதை இயற்கை அங்காடிக்காரர் சொல்ல மாட்டார். கேழ்வரகைக் குறைத்துச் சொல்லவில்லை. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உள்ள தானியம் வேறு கிடையாது. அந்தக் காரணத்துக்காகச் சாப்பிடுங்கள்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் இதெல்லாம் சுகர்காரங்க சாப்பிடலாம்ல?

சர்க்கரையாகக் கணக்கு வைத்துக்கொண்டு சாப்பிடலாம், வேறு கணக்கில் கூடாது. மூன்றுமே பெரும்பகுதி சர்க்கரைதான். இரும்புச்சத்து இருக்கிறதே என்றால், ஒரு ஸ்பூனில் வருவது கொசுறு. அந்தக் கொசுறுக்காக ஒரு நாளைக்குத் தேவையான இரும்பை எட்டும் அளவு சாப்பிட்டால் சர்க்கரை எங்கேயோ போய்விடும். ருசிக்காகக் கருப்பட்டிக் காபி பிடித்திருந்தால் அது உங்கள் விருப்பம். மருந்து என்று சொல்லிக் குடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

தேங்காய் எண்ணெய் நல்லதா கெட்டதா? செக்கு எண்ணெய்க்கு மாறினா கொலஸ்ட்ரால் குறையுமா?

இங்கேதான் ‘எதற்குப் பதிலாக’ என்ற கேள்வி முழு வேலை செய்கிறது. 2020இல் 16 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வில், சூரியகாந்தி, ஆலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லை சுமார் 10 புள்ளி ஏற்றியது. நல்ல கொலஸ்ட்ராலும் 4 புள்ளி ஏறியது. ஆனால் 2018இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு சோதனையில் வெண்ணெயோடு ஒப்பிட்டபோது தேங்காய் எண்ணெய்தான் தேவலையாக இருந்தது. இரண்டும் உண்மை. நெய்யை விட்டு வருகிறவருக்கு ஒரு பதில், நல்லெண்ணெயை விட்டு வருகிறவருக்கு வேறு பதில். ஏற்கெனவே இதய அடைப்பு உள்ளவர், எல்டிஎல் அதிகம் உள்ளவர் தாளிப்புக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வைத்துக்கொள்வது நல்லது. வாரம் ஒருநாள் அவியலில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் ஊற்றுவதைப் பற்றி யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

செக்கில் ஆட்டினால் மணமும் சில நுண்சத்துகளும் தங்கும். கொழுப்பின் வகை மாறாது, கலோரியும் குறையாது. செக்கு எண்ணெய் என்ற தைரியத்தில் தாராளமாக ஊற்றுவதுதான் நான் பார்க்கும் பிரச்சினை. மாதம் ஒன்றுக்கு வீட்டில் வாங்கும் எண்ணெயை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு அரை லிட்டர் என்பது ஆலோசகர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. பல வீடுகளில் ஒரு லிட்டர் வருகிறது.

இந்துப்பு போட்டா பிரஷர் ஏறாதாமே?

ஏறும். அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். போதாக்குறைக்கு அயோடின் சேர்க்காத இந்துப்பாக இருந்தால், கழுத்துக்கழலையைத் தடுக்க அரசு இத்தனை ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை உங்கள் சமையலறைக்குள் மட்டும் நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள்தான்.

உப்பை மாற்றுவதில் பலன் தந்தது வேறொன்று. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரைச் சேர்த்து, பாதிக் கிராமங்களுக்கு மட்டும் உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2021இல் முடிவு வெளியானது. பெரும்பாலும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும், ரத்த அழுத்தம் உள்ள முதியவர்களும்தான் அதில் இருந்தார்கள். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் இதைத் தொடவே கூடாது. இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். மருத்துவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

“30 சதவீதம் ஆபத்து குறையும்”னு போடறாங்களே, அப்படின்னா நூறு பேர்ல முப்பது பேர் தப்பிச்சிடுவாங்களா?

இல்லை. படித்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வை எடுத்துக்கொள்வோம். 2006இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 531 பேர். வழக்கம்போல் இருக்க விட்ட குழுவில் மூன்று ஆண்டில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேர நடை, சாப்பாட்டில் சர்க்கரையும் கொழுப்பும் தீட்டிய தானியமும் குறைவு என்று பழக்கத்தை மாற்றிய குழுவில் 39 பேருக்கு வந்தது. ஒப்பீட்டுக் கணக்கில் 28.5 சதவீதக் குறைவு. ஆட்கணக்கில் 100க்கு 16 பேர் அந்த மூன்று ஆண்டில் தப்பித்தார்கள். ஆறேழு பேர் மாறினால் ஒருவருக்குப் பலன். உணவு, நடை விஷயத்தில் இது அபாரமான எண்ணிக்கை. அந்தக் குழுவில் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “நடந்தும் எடை குறையலையே” என்று விட்டுவிடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

இப்போது எதிர்ப்பக்கம். தினம் 50 கிராம் சாஸேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் சொன்னது. பிரிட்டனில் வாழ்நாளில் சுமார் 100 பேரில் 6 பேருக்கு வருவது 7 பேராகும். கவனிக்க வேண்டியதுதான், அலற வேண்டியதில்லை. சதவீதத்தைப் பார்த்தால் “எதில் சதவீதம்?” என்று கேளுங்கள். நூற்றுக்கு எத்தனை பேர், எத்தனை ஆண்டில் என்று சொல்லத் தெரியாதவர் அந்தச் செய்தியைத் தானே படித்திருக்க மாட்டார்.

நான் ஒல்லிதான். எனக்கு எப்படிச் சுகர் வரும்? இதெல்லாம் வெள்ளைக்காரங்களை வெச்சுப் பண்ண ஆராய்ச்சிதானே?

இரண்டு கேள்விக்கும் ஒரே படத்தில் பதில் இருக்கிறது. 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு விஞ்ஞானிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் வெளிவந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கான எடைக் குறியீடான பிஎம்ஐ 22.3, அச்சு அசலாக ஒன்று. உடம்பில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு; நம்மில் பலரின் உடல்வாகு இது.

அதனால்தான் வெளிநாட்டில் பிஎம்ஐ 25க்கு மேல் அதிக எடை என்றால், இந்தியர்களுக்கு 23க்கு மேலேயே என்று வைத்திருக்கிறார்கள். எடை இயந்திரத்தை விட இன்ச் டேப் நமக்கு உபயோகம். இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. மூச்சை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும்.

ஆக, வெளிநாட்டு ஆய்வு எல்லாம் நமக்குப் பொருந்தாது என்பதும் சரியில்லை, எல்லாம் பொருந்தும் என்பதும் சரியில்லை. உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றுவது எங்கும் நடப்பதுதான். எந்த எடையில் ஆபத்து தொடங்கும், எந்த உணவு தட்டில் அதிகம் என்பது ஊருக்கு ஊர் மாறும். சென்னை ஆய்வு மேலே சொன்னேனே, அது முழுக்க நம் ஆட்களை வைத்துச் செய்தது.

என் உடம்புக்கு எது ஒத்துக்கும்னு நானே சோதிச்சுப் பார்க்கலாமா? வீட்ல குளுக்கோமீட்டர் இருக்கு.

தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆனால் பெரும்பாலானவர்கள் ஒருநாள் இட்லி, ஒருநாள் ஓட்ஸ் என்று சாப்பிட்டு, 151, 142 என்று வந்ததும் “ஓட்ஸ்தான் எனக்கு நல்லது” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மீட்டர்களுக்கே 15 சதவீதம் வரை முன்பின் காட்ட அனுமதி உண்டு. 142ம் 151ம் ஒன்றுதான்.

இப்படிச் செய்யுங்கள். நாலு இட்லி சாம்பார் ஒரு வகை. இரண்டு இட்லி, ஒரு முட்டை அல்லது கிண்ணம் சுண்டல், அதே சாம்பார் இன்னொரு வகை. மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று காலை. சாப்பிடும் முன் ஒரு அளவு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு அளவு. தூக்கம் கெட்ட நாள், காய்ச்சல் நாள், வழக்கத்தை விட அதிகம் நடந்த நாள் கணக்கில் வேண்டாம். மாத்திரையில் கை வைக்கக் கூடாது. குத்தும் முன் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் மீட்டர் மாம்பழத்தையும் சேர்த்துத்தான் அளக்கும். இரண்டு வகைக்கும் இடையில் மூன்று முறையும் ஒரே பக்கம் 30, 40 புள்ளி வித்தியாசம் வந்தால் நம்பலாம். அடுத்த சுற்றில் அதே சாப்பாட்டை வரிசை மாற்றிப் பாருங்கள்: முதலில் காயும் பருப்பும், கடைசியில் சோறு. சாப்பிட்ட பின் பத்து நிமிட நடையையும் சோதிக்கலாம். ஸ்ட்ரிப் விலை கட்டுப்படியாகாது என்பவர்கள் வருடம் முழுவதும் குத்த வேண்டாம், இப்படி இரண்டு வாரம் திட்டமிட்டுக் குத்தினால் போதும்.

சில மணி நேரத்திலோ நாளிலோ தெரியும் விஷயத்தை மட்டுமே வீட்டில் சோதிக்க முடியும். பால் குடித்தால் வயிறு உப்புகிறதா, சாயங்காலக் காபி தூக்கத்தைக் கெடுக்கிறதா என்பதெல்லாம் சரி. மாரடைப்பு, புற்றுநோய் எல்லாம் உங்கள் ஒருவர் உடம்பில் சோதிக்கக் கூடியவை இல்லை. கொலஸ்ட்ரால் மாத்திரையால் உடம்பு வலிக்கிறது என்று நிறுத்தியவர்கள் 60 பேரை வைத்து இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை. நிஜ மாத்திரையால் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி பொய்யில்லை, காரணம்தான் வேறு. “எனக்கு ஒத்துக்கலை” என்ற முடிவை மருத்துவரோடு சேர்ந்து எடுங்கள்.

இயற்கையானதுதானே, சாறு பிழிஞ்சு குடிச்சா என்ன பக்க விளைவு வரப்போகுது?

கேரளத்தில் கொலஸ்ட்ரால் குறையும் என்று பிலிம்பி என்ற புளிப்புக் காயின் சாற்றைச் செறிவாகக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் 2013இல் ஆய்விதழில் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் இருக்கும் ஆக்சலேட் சிறுநீரகத்தில் போய்ப் படிந்துவிட்டது. மீன் குழம்பில் புளிக்குப் பதில் நாலு காய் போடுவதில் தவறில்லை. வெறும் வயிற்றில் டம்ளர் கணக்கில் குடித்ததுதான் வினை. ‘எவ்வளவு’ என்ற கேள்வி பச்சைச் சாறுக்கும் பொருந்தும்.

வால்வு ஆபரேஷன் ஆகி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று தினமும் கீரைச் சாறு தொடங்கினால், கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் மருத்துவர் அதற்கேற்ப மாத்திரையைச் சரிசெய்துகொள்வார்.

மல்டி வைட்டமின் ஒண்ணு தினமும் போட்டுக்கிட்டா ஒரு பாதுகாப்புதானே?

குறை இருப்பவருக்கு மருந்து, இல்லாதவருக்குச் செலவு. அமெரிக்காவில் 25,871 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பும் குறையவில்லை, புற்றுநோய் வருவதும் குறையவில்லை. பீட்டா கரோட்டின் கதையை மேலே பார்த்தோம்.

பலன் தருபவையும் உண்டு. கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கும் ஃபோலிக் அமிலம் குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்கும். 1991லேயே குலுக்கல் சோதனையில் உறுதியானது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களுக்கு, பி12 குறையும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையிலேயே கட்டாமல் ஒருமுறை பி12 பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இட்லி மாவு புளிப்பதில் பி12 கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் கம்பெனிக்காரன்தானே காசு கொடுக்கிறான்? நம்ப முடியுமா?

சந்தேகம் நியாயமானது. இதயநோய்க்குக் கொழுப்பின் மேல் பழி போட்டு, சர்க்கரையைத் தப்பவிட்டு 1967இல் வந்த ஒரு பெயர்பெற்ற கட்டுரைக்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் அமைப்பு பணம் கொடுத்திருந்தது. பழைய கடிதங்கள் வழியாக 2016இல்தான் வெளியே வந்தது. ஆகவே யார் பணம் என்று பாருங்கள். அந்தத் தொழிலோடு சம்பந்தமில்லாதவர்கள் செய்தபோதும் அதே முடிவு வந்ததா என்று பாருங்கள்.

ஆனால் சந்தேகத்தை ஒரு பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். “கம்பெனி சதி” என்று காணொளி போடுகிறவர் முடிவில் தன்னுடைய பொடியை விற்கிறாரா என்றும் பாருங்கள். அவருக்கு ஆய்வு வெளியிடும் தொல்லைகூட இல்லை.

வீட்ல ஒரே சமையல்தான். எனக்கு மட்டும் தனியா யார் செய்வா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கணவருக்குச் சுகர் என்றால் வீடே மாறும், தனக்கு என்றால் மீந்ததைச் சாப்பிடுவார்கள். தனிச் சமையல் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் செய்யும் அதே காயையும் பருப்பையும் ஒரு பங்கு கூட்டி வைத்து, சோற்றுக் கரண்டியைச் சின்னதாக மாற்றுங்கள். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, கால் பங்கு சோறு. உருளைக்கிழங்கு சோற்றுப் பங்கில் சேரும், காய்ப் பங்கில் சேராது. சாப்பாட்டோடு டீ குடிக்கும் வழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். இரும்புச்சத்து உடம்பில் சேருவதை டீ தடுக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் ரத்தசோகை குழப்பும் என்பதால், அந்த எண் வீட்டில் எடுக்கும் அளவோடு ஒத்துவரவில்லை என்றால் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கம்மாவுக்கு 84 வயசு. சுகர் இருக்கு. மைசூர்பாகு கேக்கறாங்க. இவ்வளவு கட்டுப்பாடும் அவங்களுக்கும் வேணுமா?

வேண்டாம். சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதன் பலன் கண், சிறுநீரகம் ஆகியவற்றில் தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிய ஒரு மத்தியானம் போதும். ‘யாருக்கு’ என்ற மூன்றாவது கேள்வி இந்த வயதில்தான் மிகவும் முக்கியம். அதனால்தான் தளர்ந்த முதியவர்களுக்கு ஹெச்பிஏ1சி இலக்கை 8ஐ ஒட்டி வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களே தளர்த்திச் சொல்கின்றன.

அம்மா போதுமான அளவு சாப்பிடுகிறாரா, தசை வற்றுகிறதா என்பதுதான் எனக்குக் கவலை. தினமும் ஒரு முட்டையோ, பருப்பு, தயிரோ கூடுதலாகப் போகட்டும். மைசூர்பாகில் ஒரு சின்னத் துண்டைச் சாப்பாடு முடிந்ததும் கொடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். அவர் சாப்பிடும் அளவு சமீபத்தில் குறைந்திருந்தால், மாத்திரை அளவு பழையபடியே இருக்கிறதா என்று இந்த வாரமே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.